என் கணினியில் ஓடுகிறது, அடுத்தவர் கணினியில் ஓடவில்லை: சி புராஜெக்ட்டின் இன்க்ளூட் பாத் கோளாறுகள்

புராஜெக்ட்டை அப்படியே ஜிப் செய்து அனுப்பியிருப்பீர்கள். சற்று நேரத்தில் பதில் வரும்: "முதல் ஃபைலிலேயே நின்றுவிட்டது, ஹெடர் கிடைக்கவில்லையாம்." உங்கள் திரையிலோ ஒரு வார்னிங்கூட இல்லை. ஹெடர் என்பது சி ஃபைல்கள் இன்க்ளூட் வரியால் உள்ளே இழுக்கும் ஃபைல்; கம்பைலர் அதைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்தான் இன்க்ளூட் பாத். இந்த உரையாடலின் இரண்டு பக்கத்திலும் நான் பலமுறை இருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் பிடிபட்ட காரணத்தைக் குறித்து வைத்துக்கொண்டே வந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. உங்களுக்குத் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தில் தீரும் காரணம் முதலில், நாள் முழுக்க இழுக்கும் காரணம் கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

செட்டிங்ஸ் ஜன்னலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கம்பைலருக்குப் போய்ச் சேர்ந்த முழுக் கட்டளையை எடுங்கள்.

எக்லிப்ஸ் வகை ஐடிஇக்களில் (கோட் எழுதி பில்ட் செய்யும் மென்பொருள்கள்; எஸ்டிஎம்32கியூப்ஐடிஇயும் இதில் சேர்த்தி) பில்ட் கன்சோலில் அது முழுதாக வரும். கோட்::பிளாக்ஸில் கம்பைலர் செட்டிங்ஸின் 'அதர் செட்டிங்ஸ்' பக்கத்தில் லாகிங்கை 'ஃபுல் கமாண்ட் லைன்' என்று மாற்றினால்தான் தெரியும். விசுவல் ஸ்டுடியோவில் புராஜெக்ட் பிராப்பர்ட்டீஸில் சி/சி++ பிரிவின் கீழ் 'கமாண்ட் லைன்' என்றே ஒரு பக்கம் இருக்கிறது. கெய்ல் மைக்ரோவிஷனில் சி/சி++ டேபின் அடியில் 'கம்பைலர் கண்ட்ரோல் ஸ்ட்ரிங்' என்ற பெட்டி.

அந்த வரியில் மைனஸ் ஐ (பெரிய எழுத்து ஐ, மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் ஸ்லாஷ் ஐ) என்று தொடங்குபவைதான் தேடும் இடங்கள். தேவையான ஃபோல்டர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பாத் எந்த ஃபோல்டரிலிருந்து எண்ணப்படுகிறது என்று பாருங்கள். 'எங்கிருந்து' என்ற இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் '../' களை (ஒரு படி மேல் ஃபோல்டருக்குப் போ என்ற குறி) கூட்டியும் குறைத்தும் பார்ப்பதில்தான் பெரும்பாலான நேரம் வீணாகிறது.

ஜிசிசி கம்பைலர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தகவல்: மைனஸ் ஐ கொடுத்த ஃபோல்டர் இல்லவே இல்லையென்றாலும் ஜிசிசி வாய் திறக்காது, சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். மைனஸ் வி (சிறிய எழுத்து) சேர்த்து ஓட்டினால் எந்தெந்த ஃபோல்டரில் தேடுகிறது என்ற பட்டியலும், 'இக்னோரிங் நான்எக்ஸிஸ்டன்ட் டைரக்டரி' என்ற வரியும் வரும். 'டபிள்யூ மிஸ்ஸிங் இன்க்ளூட் டிர்ஸ்' என்ற வார்னிங்கை எப்போதுமே ஆன் செய்து வைப்பது என் பழக்கம்.

## அறிகுறி: உங்களிடம் பில்ட் ஆகிறது, இன்னொருவரிடம் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'

ஹெடரே போய்ச் சேரவில்லை. சிரிக்காதீர்கள், நான் பார்த்ததில் பாதி இதுதான். கிட் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) கவனிக்காமல் விட வேண்டிய 'இக்னோர்' பட்டியலில் 'லிப்', 'பில்ட்' போன்ற பொதுப் பெயர் இருந்து, அதே பெயரில் உள்ள சோர்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து விழுங்கியிருக்கும். அல்லது சப்மாட்யூல் (உள்ளே இணைத்த இன்னொரு புராஜெக்ட்) இழுக்கப்படாமல் ஃபோல்டர் மட்டும் காலியாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரை அந்த ஃபைலை எக்ஸ்ப்ளோரரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாத்தைத் தொடவே வேண்டாம்.

முழுப் பாத் உட்கார்ந்திருக்கிறது. எக்லிப்ஸின் டாட் சிபுராஜெக்ட், விசுவல் ஸ்டுடியோவின் விசிஎக்ஸ்புராஜ், கெய்லின் யூவிபுராஜ்எக்ஸ், ஐஏஆரின் ஈடபிள்யூபி, கோட்::பிளாக்ஸின் சிபிபி எல்லாமே எக்ஸ்எம்எல் எழுத்துதான். ஏதாவது டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, டிரைவ் எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்து வரும் இடங்களைத் தேடுங்கள்; அப்புறம் உங்கள் யூசர் பெயரைத் தேடுங்கள். பல ஐடிஇக்களில் 'பிரவுஸ்' பட்டனை அழுத்தி ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பாத்தைத்தான் எழுதி வைக்கும். கோட்::பிளாக்ஸ் 'ரிலேட்டிவாக வைக்கட்டுமா' (அதாவது முழுப் பாத் இல்லாமல், ஒரு ஃபோல்டரிலிருந்து எண்ணி) என்று கேட்கவாவது செய்யும். அவசரத்தில் 'நோ' கொடுத்துவிட்டு அப்புறம் வருந்தியவர்களில் நானும் ஒருவன்.

மாற்றி எழுத வேண்டியது இப்படி. கெய்லிலும் விசுவல் ஸ்டுடியோவிலும் புராஜெக்ட் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து எண்ணி '../ஹெடர்ஸ்' என்று எழுதினால் போதும். ஐஏஆரில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே 'புராஜ்_டிர்' என்று எழுதி அதிலிருந்து தொடங்குங்கள். எக்லிப்ஸில் ஃபோல்டர் சேர்க்கும் ஜன்னலில் 'ஒர்க்ஸ்பேஸ்' பட்டன் வழியாகத் தேர்ந்தெடுங்கள். 'ஃபைல் சிஸ்டம்' பட்டன் வேண்டாம்.

இரண்டும் வேறு வேறு டிரைவில் இருக்கின்றன. புராஜெக்ட் டி டிரைவில், லைப்ரரி சி டிரைவில் என்றால் விண்டோஸில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரிலேட்டிவ் பாத் எழுதவே முடியாது. லைப்ரரியைப் புராஜெக்ட்டுக்குள் கொண்டுவர முடிந்தால் கொண்டுவந்துவிடுங்கள். முடியாத அளவுக்குப் பெரிய எஸ்டிகே (லைப்ரரிகளும் கருவிகளும் அடங்கிய தொகுப்பு) என்றால் ஒரே ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் (கணினியில் பெயரிட்டு வைக்கும் மதிப்பு) வைத்து, எல்லாப் பாத்தையும் அதிலிருந்து தொடங்குங்கள். அதன் பெயரையும், எதைக் காட்ட வேண்டும் என்பதையும் ரீட்மீயின் முதல் பத்தியில் எழுதுங்கள். பத்தாவது பத்தியில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

உங்கள் கணினி ரகசியமாக உதவுகிறது. கடைசியில் வரும் காரணம், கண்டுபிடிக்கவும் கடினம். ஜிசிசி 'சிபாத்', 'சி_இன்க்ளூட்_பாத்' என்ற என்விரான்மென்ட் வேரியபிள்களையும் பார்க்கும். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் 'இன்க்ளூட்' என்ற வேரியபிளைப் பார்க்கும். என்றோ ஒரு நாள் வேறு வேலைக்காக நீங்கள் போட்டு வைத்தது இன்றைக்கு இந்தப் புராஜெக்ட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றைக் காலி செய்துவிட்டு, ஐடிஇயை மூடித் திறந்து பில்ட் செய்யுங்கள்.

சரி செய்த பிறகு சோதிப்பது எப்படி? ஃபோல்டரை வேறு இடத்துக்கு, வேறு பெயரில் காப்பி செய்து அங்கே பில்ட் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் பழைய ஃபோல்டரின் பெயரையும் மாற்றிவிடுங்கள். இதை மறந்தால், மிச்சமிருக்கும் முழுப் பாத் பழைய ஃபோல்டரிலிருந்தே ஹெடரை எடுத்துக்கொள்ளும். பில்ட் அழகாக முடியும். நீங்களும் நிம்மதியாக அனுப்பிவிடுவீர்கள். நான் ஒருமுறை இப்படியே மூன்று தடவை அனுப்பி, மூன்று தடவையும் திரும்பி வந்தது.

## அறிகுறி: ரிலேட்டிவாகத்தான் எழுதியிருக்கிறேன், இருந்தும் கிடைக்கவில்லை

எண்ணும் இடம் தவறு. கட்டளையில் உள்ள ரிலேட்டிவ் பாத் சோர்ஸ் ஃபைலிலிருந்து எண்ணப்படுவதில்லை. கம்பைலர் எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ அங்கிருந்து எண்ணப்படும். எக்லிப்ஸின் தானியங்கி பில்ட்டில், கம்பைல் கட்டளைகளை ஓட்டும் 'மேக்' என்ற கருவி ஓடுவது 'டிபக்' அல்லது 'ரிலீஸ்' ஃபோல்டருக்குள். அதனால் புராஜெக்ட்டின் வேரில் இருக்கும் 'ஹெடர்ஸ்' ஃபோல்டருக்கு '../ஹெடர்ஸ்' என்று ஒரு படி மேலேறி எழுத வேண்டும். வெறுமனே 'ஹெடர்ஸ்' என்று எழுதிவிட்டு, பார்வைக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்புவது வழக்கம்.

சோதனை எளிது. டெர்மினலில் அந்த பில்ட் ஃபோல்டருக்குள் போய், கட்டளையில் உள்ள பாத்தை அப்படியே ஒட்டி லிஸ்ட் எடுங்கள். ஃபைல்கள் வந்தால் பாத் சரி. வராவிட்டால் எத்தனை படி தவறு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஐடிஇக்குள் ஆகிறது, கமாண்ட் லைனில் ஆகவில்லை. விசுவல் ஸ்டுடியோவில் 'சொல்யூஷன்டிர்' என்ற மாக்ரோவை வைத்துப் பாத் எழுதியிருந்தால், சொல்யூஷனைத் திறந்து பில்ட் செய்யும்போது மட்டும்தான் அதற்கு மதிப்பு இருக்கும். கமாண்ட் லைன் கருவியான எம்எஸ்பில்டில் புராஜெக்ட் ஃபைலைத் தனியாகக் கொடுத்தால் அந்த இடத்தில் 'அன்டிஃபைன்ட்' என்ற சொல்தான் வந்து நிற்கும். 'புராஜெக்ட்டிர்' மாக்ரோவிலிருந்து தொடங்குங்கள். அது எப்போதும் இருக்கும்.

எக்லிப்ஸின் ஒர்க்ஸ்பேஸ் பாத் முழுப் பாத்தாக விரிந்திருக்கிறது. செட்டிங்ஸில் ஒர்க்ஸ்பேஸ் வேரியபிள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 'மேக்' கருவி படிக்கும் மேக்ஃபைல் உருவாகும்போது அது விரிந்து, உங்கள் டிரைவ் எழுத்தோடு எழுதப்படும். ஐடிஇயில் திறந்து பில்ட் செய்பவருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை, அவர் பக்கத்தில் புதிதாக உருவாகிவிடும். உருவான மேக்ஃபைலையும் சேர்த்து கமிட் செய்து, பில்ட் சர்வரில் அதை நேரடியாக ஓட்டினால்தான் வம்பு. டிபக், ரிலீஸ் ஃபோல்டர்களைக் கமிட் செய்யாதீர்கள். மேக்ஃபைலை அப்படியே பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் '../' வடிவத்துக்கு மாறுங்கள்.

நடுவில் ஒரு சிம்பாலிக் லிங்க் (வேறொரு ஃபோல்டரைக் காட்டும் குறுக்குவழி). லினக்ஸில் ஷெல்லில் 'சிடி' போட்டு மேலே போனால் நீங்கள் வந்த வழியே திரும்புவீர்கள். கம்பைலர் '../' என்று மேலே போகும்போது லிங்க் காட்டும் உண்மையான ஃபோல்டரின் தாய்க்குப் போகும். இரண்டும் வேறு இடம். இதனால்தான் மேலே 'சிடி' செய்து பார்க்கச் சொல்லாமல், பாத்தை ஒட்டி லிஸ்ட் எடுக்கச் சொன்னேன்.

## அறிகுறி: டிபக்கில் ஆகிறது, ரிலீஸில் ஆகவில்லை

அதிகம் யோசிக்க வேண்டாம், ஒரு கான்ஃபிகரேஷனில் மட்டும் சேர்த்திருக்கிறீர்கள். விசுவல் ஸ்டுடியோவில் 'ஆல் கான்ஃபிகரேஷன்ஸ்', 'ஆல் பிளாட்ஃபார்ம்ஸ்' இரண்டையும் தேர்ந்தெடுத்த பிறகே பாத் சேர்க்க வேண்டும். 32 பிட்டுக்குச் சேர்த்து 64 பிட்டுக்கு விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். எக்லிப்ஸில் 'ஆட் டு ஆல் கான்ஃபிகரேஷன்ஸ்' என்ற டிக் பெட்டி உண்டு. அதன் பக்கத்திலேயே 'ஆல் லாங்குவேஜஸ்' என்றும் ஒன்று இருக்கும். அசெம்பிளி ஃபைலிலோ சி++ ஃபைலிலோ மட்டும் ஹெடர் கிடைக்கவில்லை என்றால் இந்த இரண்டாவது டிக்தான் விட்டுப்போயிருக்கும்.

## அறிகுறி: எடிட்டரில் சிவப்புக் கோடு, ஆனால் பில்ட் ஆகிறது

எடிட்டரின் இண்டெக்ஸரும் (கோடைப் படித்துச் சிவப்புக் கோடு போடும் பகுதி) கம்பைலரும் வேறு வேறு பட்டியலைப் பார்க்கின்றன. எக்லிப்ஸ் என்றால் புராஜெக்ட் மெனுவில் இண்டெக்ஸை 'ரீபில்ட்' செய்யுங்கள், பெரும்பாலும் அதோடு போய்விடும். விஎஸ் கோடில் 'சி_சிபிபி_பிராப்பர்ட்டீஸ்' என்ற ஜேசன் ஃபைலில் எழுதும் இன்க்ளூட் பாத் எடிட்டரின் சிவப்புக் கோட்டுக்கு மட்டும்தான். அது பில்ட்டைத் தொடாது. அங்கே பாத்தைச் சேர்த்துவிட்டு 'இன்னும் கம்பைல் ஆகவில்லையே' என்று கேட்பவர்கள் நிறைய. பில்ட் கருவியிலிருந்து 'கம்பைல்_கமாண்ட்ஸ்' ஜேசன் ஃபைலை உருவாக்கி எடிட்டருக்குக் காட்டிவிட்டால் இரண்டு இடத்தில் எழுதும் வேலை மிச்சம். சிமேக் என்ற பில்ட் கருவியில் மேக்ஃபைலோ நிஞ்சா ஃபைலோ உருவாக்குகிறீர்கள் என்றால் ஒரு ஆப்ஷனில் அது கிடைக்கும்.

## அறிகுறி: விண்டோஸில் ஆகிறது, லினக்ஸில் ஆகவில்லை

பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸும், இயல்பு நிலையில் மேக்ஓஎஸும் ஃபைல் பெயரில் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். இன்க்ளூட் வரியில் உள்ள பெயரும் டிஸ்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கிளாங் கம்பைலர் கையில் இருந்தால் விண்டோஸிலேயே 'நான்போர்ட்டபிள் இன்க்ளூட் பாத்' என்ற வார்னிங் இதைக் காட்டிக்கொடுக்கும். ஃபைல் பெயரில் எழுத்தின் அளவை மட்டும் மாற்றும்போது எக்ஸ்ப்ளோரரில் மாற்றாதீர்கள், விண்டோஸில் கிட் அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். 'கிட் எம்வி' கட்டளையால் மாற்றுங்கள்.

பின்சாய்வுக்கோடு. இன்க்ளூட் வரியில் பின்சாய்வுக்கோடு வந்தால் என்ன நடக்கும் என்பதை சி தரநிலை வரையறுக்கவில்லை. முன்சாய்வுக்கோட்டை விண்டோஸ் கம்பைலர்களும் ஏற்கும். எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் தாராள மனசு. இதில் நான் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேற்கோள் குறிக்குள் ஹெடர் பெயர் இருந்தால், ஜிசிசி முதலில் அந்த வரி இருக்கும் ஃபைலின் ஃபோல்டரில் தேடும். அப்புறம் மைனஸ் ஐ பட்டியலுக்குப் போய்விடும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரோ நடுவில் ஒரு வேலை செய்யும்: அந்த ஃபைலை இன்க்ளூட் செய்த ஃபைலின் ஃபோல்டர், அதை இன்க்ளூட் செய்த ஃபைலின் ஃபோல்டர் என்று பின்னோக்கி எல்லாவற்றிலும் தேடும்.

'மெயின்' ஃபோல்டரில் உள்ள சி ஃபைல் 'டிரைவர்' ஃபோல்டரில் உள்ள ஹெடரை அழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஹெடர் 'மெயின்' ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் ஹெடரைப் பெயர் மட்டும் சொல்லி அழைக்கிறது. 'மெயின்' பட்டியலில் இல்லாவிட்டாலும் விசுவல் ஸ்டுடியோவில் கிடைத்துவிடும், ஜிசிசியில் கிடைக்காது. செட்டிங்ஸைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் வித்தியாசம் அங்கே இல்லை. 'மெயின்' ஃபோல்டரை இன்க்ளூட் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டால் இரண்டிலும் ஆகும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் எல்லா இன்க்ளூட் வரிகளையும் ஒரே வேரிலிருந்து, 'டிரைவர்/யூஆர்ட்' என்பது போல ஃபோல்டர் பெயரோடு எழுத வேண்டும். பெரிய புராஜெக்ட்டில் இது சில நாள் வேலை. ரிலீஸுக்கு முந்தின வாரம் தொடங்காதீர்கள்.

## அறிகுறி: பில்ட் ஆகிறது, ஆனால் மாற்றிய மதிப்பு வேலைக்கு வரவில்லை

கான்ஃபிக் ஹெடரில் எண்ணை மாற்றுகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. அதே பெயரில் இன்னொரு ஹெடர் எங்கோ இருக்கிறது, கம்பைலர் அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஃப்ரீஆர்டாஸ், எல்டபிள்யூஐபி போன்ற தயார் கோட் தொகுப்புகளின் கான்ஃபிக் ஹெடர்கள் எடுத்துக்காட்டுப் புராஜெக்ட்டுகளோடும் சேர்ந்து வருவதால் அங்கே இது அடிக்கடி நடக்கும்.

விரைவான சோதனை: நீங்கள் மாற்றும் ஹெடரின் நடுவே அர்த்தமில்லாத ஒரு சொல்லைத் தட்டிவிட்டு பில்ட் செய்யுங்கள். பிழை வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்த ஹெடர் படிக்கப்படவே இல்லை. எது படிக்கப்படுகிறது என்று பார்க்க ஜிசிசியில் மைனஸ் ஹெச் (பெரிய எழுத்து), மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் 'ஷோஇன்க்ளூட்ஸ்'. பட்டியலில் முதலில் இருக்கும் ஃபோல்டர்தான் வெல்லும், ஆகவே உங்கள் ஃபோல்டரை மேலே நகர்த்துங்கள். அதைவிட நல்லது, வேண்டாத பிரதியை அழித்துவிடுவது.

பிழை வந்தும் மதிப்பு மாறவில்லையா? சி ஃபைல் புதிதாகக் கம்பைல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிழையே வராமல், பட்டியலில் மட்டும் ஹெடர் தெரிகிறது என்றால் இன்க்ளூட் கார்டை (ஒரே ஹெடர் இரண்டு முறை படிக்கப்படாமல் தடுக்கும் வரிகள்) பாருங்கள். ஒரு ஹெடரைக் காப்பி செய்து இன்னொன்றை உருவாக்கும்போது கார்டின் பெயரை மாற்ற மறந்தால், இரண்டாவதாக வரும் ஹெடர் முழுதும் காலியாகிவிடும்.

இன்னொன்று. உங்கள் ஹெடருக்கு 'ஸ்ட்ரிங்', 'டைம்' என்று சிஸ்டம் ஹெடரின் பெயரையே வைத்திருந்தால் பெயரை மாற்றிவிடுங்கள். மைனஸ் ஐ ஃபோல்டர்கள் சிஸ்டம் ஃபோல்டர்களுக்கு முன்பே தேடப்படுவதால், கோணக் குறிக்குள் எழுதினாலும் உங்களுடையதுதான் வந்து நிற்கும். பிழையோ நீங்கள் எழுதாத ஏதோ ஒரு ஃபைலில் காட்டும்.

## அறிகுறி: ஃபோல்டரை நகர்த்திய பிறகு 'நோ ரூல் டு மேக் டார்கெட்'

பழைய பில்டில் உருவான டாட் டி டிபெண்டன்சி ஃபைல்களில் (எந்த சி ஃபைல் எந்த ஹெடரைச் சார்ந்தது என்ற குறிப்பு) பழைய பாத் எழுதப்பட்டிருக்கிறது. 'கிளீன்' சில நேரம் அவற்றைத் தொடாது, சில நேரம் அதே பிழையைச் சொல்லி நின்றுவிடும். பில்ட் ஃபோல்டரைக் கையாலேயே அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள். கையால் எழுதிய மேக்ஃபைல் என்றால் ஜிசிசிக்கு மைனஸ் எம்பி ஆப்ஷன் கொடுங்கள், நீக்கிய ஹெடருக்காக மேக் நின்றுபோகாது.

## அறிகுறி: பாத் சரி, ஆனால் கட்டளை பாதியில் உடைகிறது

ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் பாத்தை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். அதற்குப் பிறகும் மேக் இடைவெளியில் தடுக்கி விழுந்தால் ஃபோல்டர் பெயரையே மாற்றுவதுதான் வழி. யூசர் பெயரில் தமிழ் போன்ற எழுத்துகள் இருந்தாலும் பழைய டூல்செயின்கள் (கம்பைலரும் அதோடு வரும் கருவிகளும்) தடுமாறும். புராஜெக்ட்டை டிரைவின் வேருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெயருக்கு நகர்த்திப் பாருங்கள். அப்படி நகர்த்துவதில் இன்னொரு லாபமும் உண்டு: விண்டோஸில் பழைய கருவிகளுக்குப் பாத்தின் நீளம் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

'கமாண்ட் லைன் டூ லாங்' என்று வந்தால் இன்க்ளூட் ஃபோல்டர்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டன. விண்டோஸின் கட்டளை ஷெல் வழியாகப் போனால் 8191 எழுத்து, நேராகப் புராசஸ் உருவாக்கினால் 32767 எழுத்து, அவ்வளவுதான் எல்லை. முழுப் பாத்தை ரிலேட்டிவாக்கினாலே வரி பாதியாகச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். போதவில்லை என்றால் ஆப்ஷன்களை ரெஸ்பான்ஸ் ஃபைல் என்ற தனி எழுத்து ஃபைலில் வைத்து அதை மட்டும் கம்பைலருக்குக் கொடுக்கலாம்.

## அறிகுறி: 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'

தவறான தலைப்புக்கு வந்துவிட்டீர்கள். ஹெடர் கிடைத்துவிட்டது, அதற்குரிய சி ஃபைலோ லைப்ரரியோதான் புராஜெக்ட்டில் சேரவில்லை. இன்க்ளூட் பாத்தை எத்தனை முறை மாற்றினாலும் இது போகாது.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

புராஜெக்ட் ஃபைலை ஒரு கோட் ஜெனரேட்டர் எழுதுகிறது, நீங்கள் திருத்திய பாத் ஒவ்வொரு முறை ஜெனரேட் செய்யும்போதும் பழையபடி ஆகிறது என்றால் கையால் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். அந்தக் கருவியின் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். பில்ட் சர்வரில் மட்டும் உடைகிறது, உங்களுக்கு அங்கே அனுமதி இல்லை என்றால் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் போங்கள். பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற டூல்செயின் என்றால் இன்க்ளூட் வரிசையை மாற்றுவதற்கு முன்பே அதன் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன எல்லாம் பார்த்தும் அரை நாளைத் தாண்டிவிட்டால், புராஜெக்ட்டை அறியாத ஒருவரை உட்கார வைத்து அவருக்கு விளக்குங்கள்.

யாரிடம் போனாலும் இவை கையில் இருக்கட்டும்: உடைந்த ஒரு ஃபைலின் முழுக் கம்பைல் கட்டளை, அது ஓடிய ஃபோல்டர், மைனஸ் வி வெளியீடு, கம்பைலரின் பதிப்பு எண், புராஜெக்ட் ஃபைல். பிழை ஜன்னலின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினால் முதல் பதிலில் இவற்றைத்தான் கேட்பார்கள்.